மாலதிக்கு வந்த போன்கள்

மாலதி தாராவியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு திலக் நகர்வாசி. செம்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பங்குதாரர்களின் போனை எடுத்துப் பதில் சொல்வது அவள் வேலை. டிவிடெண்ட் வரவில்லை, விலாசம் மாறிவிட்டது என்பார்கள், பதில் சொல்லி முடித்துவிடுவாள்.

போன மழைக்காலத்தில், கம்பெனியைப் புனேயிலுள்ள பெரிய கம்பெனியோடு இணைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. இங்கே பத்துப் பங்கு வைத்திருந்தால் அங்கே மூன்றுதான் கிடைக்கும். பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தால்தான் இணைப்பு நடக்கும். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. இந்தியில், மராத்தியில், தமிழில் ஏசினார்கள். "இந்த இணைப்பு எல்லோருக்கும் நல்லது" என்று மேலதிகாரி சாயிரா எழுதிக் கொடுத்ததையே அவள் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

அவளுக்கே அதில் நம்பிக்கையில்லை. இணைந்தால் ஆபீஸ் புனேக்குப் போய்விடும். கணவன் மாரிக்கண்ணனுக்குத் தாராவி தோல் பட்டறையில் வேலை. மகள் பத்தாவது படிக்கிறாள். மாலதியால் புனேக்குப் போக முடியாது. யாராவது கடுமையாக ஏசினால், இவர் கட்டாயம் எதிர்த்து ஓட்டுப் போடுவார் என்று உள்ளுக்குள் ஒரு தெம்பு வரும். சம்பளம் கொடுப்பவர்களுக்கு இது துரோகமில்லையா என்று உடனே உறுத்தவும் செய்யும்.

அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தளவாய் என்ற பங்குதாரர் தினமும் கூப்பிட்டு ஏசுவார். ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் மட்டும் ஏசவில்லை.

"எழுதிக் குடுத்தத வாசிச்சது போதும்மா. நீ என்ன நெனைக்கே?"

"அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல சார்."

"சரி, வெளங்கிட்டு" என்று வைத்துவிட்டார்.

பேசுவதெல்லாம் பதிவாகும் என்பது அப்புறம்தான் அவள் நினைவுக்கு வந்தது. ஆனால் யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. நாலில் மூன்று பங்கு ஓட்டு தேவை, அது தேறவில்லை. இணைப்பு கைவிடப்பட்டது. புனேயில் பார்த்து வைத்திருந்த ஃப்ளாட் இனி வேண்டாமென்று சாயிரா புரோக்கரிடம் இந்தியில் சொல்வது மாலதியின் மேஜை வரை கேட்டது. குரலில் வருத்தமே இல்லை.

பங்கு விலை அன்றே சரிந்தது. அடுத்த வருடம் வேறொரு கம்பெனி வந்து கேட்கலாம். அது மாலதிக்கும் தெரியும். இருந்தாலும் பல நாளுக்குப் பிறகு அன்றுதான் டப்பாவில் கொண்டுவந்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மாரிக்கண்ணனைக் கூப்பிட்டாள். பட்டறை மிஷின் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்பாடா" என்றான். "சாயங்காலம் மீன் வாங்கிட்டு வாரேன்."

"வெல கூடுனாலும் சுர்மையே வாங்குங்க" என்றாள் மாலதி.