ஆகும் அக்காவின் இரண்டு விடைகள்

இனித் தைக்க முடியாத குடையிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, நாற்காலியில் ஏறி அலமாரிக்கு மேலே வைக்கிறார். இறங்கும்போது வழக்கமான வாக்கியம்: "எதுக்காவது ஆகும்."

இந்த ஒரு வாக்கியத்தால்தான் வேலை செய்யும் இடத்தில் அவருக்கு ஆகும் அக்கா என்று பேர் விழுந்தது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவுவது அவர் வேலை. நீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியே இருக்கும். வாய் சில்லு பெயர்ந்த குடுவை எதுவும் அங்கே குப்பைக்குப் போனதில்லை. ஒன்றில் பேனாக்கள் நிற்கின்றன, ஒன்றில் செடி தழைக்கிறது, மற்றவை ஜன்னலோரம் தங்கள் முறைக்காகக் காத்திருக்கின்றன. வீட்டில், ஜோடி தொலைந்த செருப்புக்குக்கூட இடம் உண்டு. கணவர் கால் நீட்ட இடம் தேடும்போதெல்லாம் சொல்வார்: "ஒருநாள் என்னையும் துடைச்சு மேல எடுத்து வெச்சிடப் போறா." அக்கா அதை மறுத்ததில்லை.

கழுவும் தொட்டிக்கு எதிரே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பரிசோதகர்களின் மேசை. சோதனைக் குழாயில் தண்ணீர் நிறம் மாறுவதை அவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது, அக்காவின் கை சோப்பு நுரைக்குள் அப்படியே நின்றுவிடும். அந்த மேசைக்குப் போக ஒரு தேர்வு இருக்கிறது. மூன்று முறை எழுதலாம். அதற்கு மேல் கிடையாது. இரண்டு முறை போயாயிற்று. தண்ணீரில் அமிலம் எவ்வளவு என்று சொல்லும் எண்ணே மடக்கையில்தான், அதாவது லாக்கில்தான், அளக்கப்படுகிறது என்பதால், மடக்கைச் சமன்பாடுகள் இல்லாமல் அந்தத் தேர்வு இல்லை. அக்கா இரண்டு முறையும் விழுந்தது அங்கேதான்.

அதுவும் தெரியாமல் விழவில்லை. இரண்டு மடக்கைகளைக் கூட்ட வேண்டுமென்றால் உள்ளே இருப்பவற்றைப் பெருக்க வேண்டும் என்று தெரியும். அங்கிருந்து இருபடிச் சமன்பாட்டுக்கு இறங்கத் தெரியும். காரணிப்படுத்துவதில் கை சுத்தம். இரண்டு விடை வரும். வந்ததும் இரண்டுக்கும் கட்டம் கட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். இரண்டில் எது செல்லாது என்று பார்த்து அடிக்க வேண்டும். அடிக்கத்தான் அவருக்குக் கை வருவதில்லை.

சொல்லிக்கொடுப்பவர் நாத்தனார். வங்கியில் வேலை; நாக்கு கொஞ்சம் கூர். சாப்பாட்டு மேசையில், கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் பாடம் நடக்கும். அந்தத் தாள்களும் எதற்காவது ஆகும் என்று சேர்த்தவைதான்.

ஒரு மாலை நாத்தனார் கொடுத்த கணக்கு: அடிமானம் இரண்டு, x-இன் மடக்கையும், x கழித்தல் இரண்டின் மடக்கையும் சேர்ந்தால் மூன்று. அக்கா சரசரவென்று போட்டார். உள்ளே இருப்பவற்றைப் பெருக்கினால் எட்டு வர வேண்டும். விடை நான்கு; இன்னொன்று கழித்தல் இரண்டு. இரண்டுக்கும் கட்டம்.

நாத்தனார் பேனாவை வாங்கி மூடிவைத்தார். "அண்ணி, இந்த மைனஸ் ரெண்டு உங்களுக்கு என்ன சொந்தமா?"

"நான் தப்பாப் போட்டிருந்தா நீயே அடிச்சிடு. பெருக்கிப் பாரு, எட்டுதானே வருது? கஷ்டப்பட்டு இவ்வளவு தூரம் வந்து நிக்குது. வெளிய போன்னு எப்படிச் சொல்றது?"

அவர் சொன்னதும் உண்மைதான். கழித்தல் இரண்டையும், அதிலிருந்து இரண்டு போனால் வரும் கழித்தல் நான்கையும் பெருக்கினால் எட்டேதான். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை.

"ரெண்டு மைனஸும் கைகோத்துக்கிட்டு வந்தா ப்ளஸ் ஆயிடும். நீங்க நடுவுல எழுதின வரி அதை உள்ள விட்டுடும். கணக்கோட முதல் வரிக்குப் போங்க. அங்க ஒவ்வொண்ணும் தனியா நிக்கணும். ரெண்டுக்கு மேல எந்த அடுக்கைப் போட்டாலும் மைனஸ் வராது அண்ணி. அதனால மைனஸுக்கு லாக் கிடையாது."

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அது எங்கேருந்துதான் வந்துச்சு?"

"நீங்க பெருக்கும்போது வந்துச்சு. அது மேல தப்பில்ல. இந்தக் கணக்குக்கு ஆகாது, அவ்வளவுதான்."

ஆகாது என்பது அந்த வீட்டில் அதிகம் புழங்காத சொல். அதன் பிறகு சில நாள் அடிப்பார், சில நாள் பாவம் என்று விட்டுவிடுவார். விட்ட நாளில் நாத்தனார் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போவார்.

மூன்றாவது தேர்வில் அந்தக் கணக்கு கடைசிக்கு முன்னால் வந்தது. எண்கள்தான் வேறு. ஒன்பது என்று வந்தது. கூடவே கழித்தல் மூன்று. ஒன்பதுக்குக் கட்டம் கட்டினார். பழக்கத்தில் பேனா அடுத்ததற்கும் நகர்ந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, ஊறிச் சுருங்கிய விரலை வரிவரியாக மேலே ஏற்றிக்கொண்டுபோய் முதல் வரியில் நிறுத்தினார். அங்கே கழித்தல் மூன்றைத் தனியாக நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. பக்கத்து இருக்கையில் யாரோ தாளைத் திருப்பினார்கள்.

பைக்குள் கைவிட்டு, முனை உடைந்த அளவுகோலை எடுத்தார். அதை எண்ணின் மேல் கோணாமல் பொருத்தி, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி, ஒரே ஒரு மெல்லிய கோடு இழுத்தார்.