திருப்பிப் போட்ட ஆயில் சீல்

இதை எழுத எத்தனையோ வருஷம் தயங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னதை ஊர் முன்னால் சொல்லப் பயம்.

எழுபதுகளில் வேம்பாரிலிருந்து தூத்துக்குடிக்கு மீன் கொண்டுபோக ஒரு பழைய ஜீப் வைத்திருந்தோம். முன் அச்சில் ஆயில் கசிந்து பிரேக்கை நனைத்தது. கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீலைப் புதிதாக வாங்கி நானே மாட்ட உட்கார்ந்தேன்.

"அண்ணே, மெக்கானிக்கக் கூப்பிடுவோமே" என்றான் தம்பி.

"ஏலே, தோணி ஓட்டையவே அடைச்சவன் நான்."

"அப்போ வண்டியக் கடல்லதான் ஓட்டணும்" என்று சிரித்தான்.

தோணிக்காரனுக்குத் தண்ணீர் வெளியிலிருந்துதான் வரும். அந்த நினைப்பில் சீலின் உதட்டை, அதாவது அடைத்துப் பிடிக்கிற விளிம்பை, வெளிப்பக்கம் பார்த்து வைத்துவிட்டேன். உள்ளே இருக்கிற ஆயிலைத் தடுக்க அது உள்பக்கம் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் கீழவைப்பார் வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டி கவிழ்ந்தது. ஓட்டிப்போன தம்பி இறந்துபோனான்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் முழுக்க ஆயில். என் தவறு அப்போதே தெரிந்தது. ஊரில், "கண்மண் தெரியாம ஓட்டியிருக்கான்" என்றார்கள். அவன் மனைவியும் அதை நம்பி அவனைத் திட்டித் திட்டி அழுதாள். நான் வாய் திறக்கவில்லை. சேசுவே, என்மேல் இரக்கமாயிரும்.

இதை யாருக்காவது சொன்னால், எனக்காக இரங்கி எதையும் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். என் தம்பி நிதானமாகத்தான் ஓட்டுவான்.