பொறுப்பாளர்: ஷிஃபானா

செய்தி வந்தபோது நான் மாம்புரியில், எங்கள் உப்புக் கம்பனியின் களஞ்சியத்தில், ரௌட்டர் ஒன்றைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தம்பி பேசினான். "மச்சான், ராத்தா மௌத்தாகிட்டா." காய்ச்சல் குறைந்திருக்கிறது என்று காலையில் அவளே சொல்லியிருந்தாள். நான் "ஓம்" என்றேன். மிச்சமிருந்த ஸ்க்ரூ ஆணியையும் முறுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். ஏன் என்று இன்றும் தெரியவில்லை. அந்தி மஃரிப் தொழுகைக்கு முன் அவளை அடக்கிவிட்டோம்.

என் மனைவி ஷிஃபானாவைக் கம்பனியில் எல்லோரும் 'ஸ்டிக்கர் மிஸ்' என்றுதான் அறிவார்கள். ஒருமுறை லொறி நிறுக்கும் அறைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள், மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய கம்பியூட்டரைக் கழற்றி வைத்தார்கள். பில் அடிப்பது நின்றது. உப்பு லொறிகள் வீதிவரை நின்றன. பில்கள் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகின்றன என்று எங்கள் ஐ.டி. பிரிவில் ஒருவருக்கும் தெரியாது. அவள்தான் தேடிப் பிடித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு கருவியிலும் இலக்கமிட்ட ஸ்டிக்கர் ஒட்டினாள். எது எதை நம்பி ஓடுகிறது, யார் எதை ஏன் மாற்றினார், யார் பொறுப்பு என்று பதியும் ஒழுங்கை உண்டாக்கினாள்.

நிறுக்கும் அறை அமீர் நானா பகிடி பண்ணினார். "புள்ள, என்ட நெத்தியிலயும் ஒன்டு ஒட்டுறதா?"

"ஒட்டத்தான் வேணும் நானா. டீ குடிக்கப் போனா உங்களத் தேடிப் புடிக்க ஏலாதே."

அதே பிரிவில் வேலை செய்த எனக்குத்தான் எழுதச் சோம்பல். "மாத்துங்க, வேணாங்கல்ல. அத உங்கட தலைக்குள்ள வெச்சிக்கிட்டு லீவுல போனா, நாங்க யார்ட்ட கேக்குற?" என்பாள். வீட்டில் சீனிப் போத்தலை இடம் மாற்றினாலும் இதே கேள்விதான்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று முகாமையாளர் சொன்னார்: "பதிவு வேலைய கொஞ்ச நாளைக்கு விடுங்க. பிறகு பாப்பம்." இரக்கத்தில்தான் சொன்னார். எனக்கும் ஆறுதலாக இருந்தது. கம்பியூட்டர் பதிவேட்டில் திறக்கும் பக்கமெல்லாம் 'பொறுப்பாளர்: ஷிஃபானா' என்றிருந்தது. கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஆளின் பெயர்தான் அங்கே இருக்க வேண்டும் என்பது அவள் வைத்த விதி. வேலை தொடர்ந்தால் அந்தப் பெயரை நான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பெயர் இருக்கும், அவள் உண்டாக்கிய ஒழுங்கு கவனிப்பாரற்றுப் போய்விடும். நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

அடுத்த கிழமை அமீர் நானா போன் எடுத்தார்.

"தம்பி, புது பிரிண்டர் வந்திரிக்கி. பழையத்த இன்னும் கழட்டல்ல. முந்தியெண்டா புள்ளைக்கிச் சொல்லுவன்... இப்ப யாருக்குச் சொல்ற?"

"எனக்குச் சொல்லுங்க நானா."

பக்கத்தைத் திறந்து அவள் பெயரை எடுத்தேன். என் பெயரை இட்டேன். காரணம் எழுதாமல் பதிவு ஏறாது. எழுதினேன். பிறகு அடுத்த பக்கத்தைத் திறந்தேன்.

அவளுடைய அலுமாரியை நான் இன்னும் திறக்கவில்லை. உம்மா கேட்கும்போதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்கிறேன். அவளிடமிருந்து இப்போதைக்கு நான் எடுத்துக்கொண்டது இந்த வேலை மட்டும்தான்.