சினிமாப் பாட்டுக்கு அடியில் ஒரு கிளாரினெட்

என் கணவர் வாழ்க்கையில் ஒரேயொரு முறை தொலைக்காட்சியில் வந்திருக்கிறார். எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதில் அவர் என்ன வாசித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. கட்டின பெண்சாதி எனக்கே இவ்வளவு காலமும் தெரியாது. இந்தக் கூத்துக்குக் காரணம் அவருடைய அக்காவும், ஒரு காலத்தில் ஸ்காபரோவில் கொடிகட்டிப் பறந்த ஒரு வீடியோக்காரரும்தான்.

கனடாவுக்கு வந்த புதிதில் இவர் நகர மையத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் கோப்பை கழுவாதவர் யார்? ஆனால் இந்தக் கடையில் முன்பக்கம் ஒரு மேடை இருந்தது, வாரம் முழுக்க அதில் ஜாஸ். இவரோ கொழும்பில் ஒரு ஹோட்டல் பாண்டில் கிளாரினெட் வாசித்துவிட்டு வந்தவர். உடுப்புப் பெட்டியை விட வாத்தியப் பெட்டியைத்தான் கவனமாகக் கொண்டுவந்தாராம். பின்னேரங்களில் கடை திறக்க முன்னர் ஒத்திகை பார்க்கிறவர்களோடு சேர்ந்து ஊதியிருக்கிறார். அவர்களுக்கும் ஆளைப் பிடித்துப் போயிற்று.

ஒருநாள் அமெரிக்காவிலிருந்து ஒரு கிழவர் பியானோ வாசிக்க வந்தார். ஜாஸ் தெரிந்தவர்கள் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்பார்களாம், அவ்வளவு பெரிய ஆள். உள்ளூர்க் கேபிள் சனல் ஒன்று அதைப் படம் பிடித்தது. ஒரேயொரு பாட்டுக்கு இவரையும் ஏப்ரனைக் கழற்றச் சொல்லி மேடையில் ஏற்றினார்கள். பாட்டின் நடுவில் எல்லாம் குழம்பியது. இவர் ஒரு பக்கம் போக, பியானோ இன்னொரு பக்கம் போயிற்று. பிறகு எப்படியோ ஒன்று சேர்ந்து முடித்துவிட்டார்கள். கைதட்டல் நடக்கும்போது கிழவர் சரிந்து இவரின் காதுக்குள் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற மற்ற வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் இவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஏச்சுத்தான் விழுந்தது என்று முடிவு செய்து, நேரே கோப்பை கழுவுகிற குசினிக்குள் போய்விட்டார்.

அன்றோடு சரி. கிளாரினெட் பெட்டிக்குள் போனது, பெட்டி கட்டிலுக்குக் கீழே போனது. நாங்கள் கலியாணம் செய்த வருடம் அதைத் தெரிந்த ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அவ்வளவு பெரிய மனுசன்ரை பாட்டைப் பழுதாக்கிப் போட்டன்" என்றார். 

இனி இவருடைய அக்காவின், அதாவது என் மச்சாளின் திருவிளையாடல். ஒளிபரப்பான அன்று மச்சாள்தான் வீட்டில் அதைக் கசற்றில் பதிந்தவர். அதே வருடம் தன் மகள் பெரியபிள்ளையானதற்கு அவர் வைத்த சாமத்தியவீடும் நடந்தது. அதைப் படம் பிடித்த வீடியோக்காரரிடம் இந்தக் கசற்றையும் கொடுத்து, "தம்பியும் ரீவியிலை வந்தவன். அதையும் சேர்த்து வடிவாச் செய்து தாங்கோ" என்றிருக்கிறார். அவர் வடிவாகத்தான் செய்தார். அந்தக் கால வீடியோக்காரர்களுக்கு ஒரு வழக்கம். கொண்டாட்டத்தில் யார் என்ன பேசினாலும் அந்தச் சத்தத்தை அடியோடு எடுத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை சினிமாப் பாட்டுப் போடுவார்கள். ஆலாத்தி எடுக்க ஒரு பாட்டு, கேக் வெட்ட ஒரு பாட்டு. ஜாஸுக்கும் ஒரு பாட்டுப் போட்டுவிட்டார். நல்ல காதல் டூயட். அதோடும் மனம் ஆறாமல், கன்னம் உப்ப ஊதிக்கொண்டு நிற்கிற என் கணவரை ஒரு இதய வடிவத்துக்குள் வைத்து, சுற்றிவர ரோசாப்பூ விழவும் செய்திருந்தார். மூலக் கசற் எங்கே என்று கேட்டால், அதற்கு மேல் மச்சாள் ஏதோ ஒரு படத்தைப் பதிந்தாயிற்று.

பிறகென்ன, நாலு பேர் கூடினால் அந்த வீடியோவும் ஓடும். கிழவர் காதுக்குள் பேசுகிற இடம் வந்ததும் மச்சாள் தொடங்குவார். "கோப்பை கழுவப் போடா எண்டு சொல்லியிருப்பான்!" வீடே சிரிக்கும். இவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என்னிடம் பதில் இருந்தால்தானே சொல்ல?

போன குளிர்காலத்தில் இவருடைய காதைச் சோதித்துப் பார்த்தார்கள். வலது காது கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இடதும் அதே வழியில் போகிறது, காதுக்குப் போடுகிற மெசின் கொஞ்சக் காலத்துக்குத் தாங்கும் என்றார்கள். திரும்பி வரும்போது காருக்குள் இவர் சொன்னார்: "முழுக்கப் போக முன்னம் அந்தப் பாட்டை ஒருக்காக் கேக்கோணும். எவ்வளவு மோசமா வாசிச்சனான் எண்டு தெரிஞ்சால் எனக்கு நிம்மதி."

"இதென்ன விசர்க்கதை? மோசமெண்டு தெரிஞ்சால் நிம்மதியோ?" என்று நான் பாய்ந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த மனுசன் வாய்விட்டு ஒன்றைக் கேட்பதே அபூர்வம். அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்த முன்னரே நான் முடிவு கட்டிவிட்டேன்.

முடிவு கட்டுவது சுகம். அந்தச் சனலை ஒரு பெரிய கொம்பனி வாங்கி, அதை இன்னொரு பெரிய கொம்பனி வாங்கி விழுங்கியிருந்தது. தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லி அவர்கள் போட்ட பாட்டுக்களை நான் இன்றைக்கும் பாடிக் காட்டுவேன். கடைசியில் ஒரு பிள்ளை எடுத்து, அந்தக் காலத்து நாடாக்கள் ஒன்றும் தங்களிடம் இல்லை என்றது. பழைய கடை இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியால் ஆன கொண்டோ அடுக்குமாடி ஒன்று வானத்துக்கு நின்றது.

பிறகுதான் இணையத்தில் தேடத் தொடங்கினேன். அடேயப்பா, அது தனி உலகம். பழைய தொலைக்காட்சி ஜாஸ் கச்சேரிகளைத் தேடித் திரிவதே தொழிலாக எத்தனை பேர்! எந்த நிகழ்ச்சியில் ட்ரம்ஸ்காரர் எந்தச் சேர்ட் போட்டிருந்தார் என்று சண்டை பிடிக்கிறார்கள். அவர்களுடைய குழு ஒன்றில் சேர்ந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என் கேள்வியைப் போட்டேன். பதில் எழுதியவரின் பெயரைப் பார்த்தால் நம்மாள். தமிழ்நாட்டுப் பெடியன், விமான நிலையத்துப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை, இருப்பது மிசிசாகாவில். உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஆன்ட்டி, அந்த ப்ரோக்ராம நான் ரொம்ப வருஷமா தேடிட்டிருக்கேன்! அந்த பியானோக்காரர் இந்த ஊர்ல வாசிச்சதுல அது ஒண்ணுதான் யார்கிட்டயும் இல்ல. அப்போ டிவில பார்த்தவங்க ஒரு கிளாரினெட் வந்ததுன்னு சொல்றாங்க, யாருன்னே தெரியாது. எங்க ஆளுங்க 'அன்நோன் கிளாரினெட்'னுதான் சொல்வாங்க."

"என்ன அன்நோன்?" எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அவருக்குப் பேர் இருக்கு தம்பி. மனுசி இருக்கு. பிள்ளையள் இருக்கினம். இப்ப கீழை இருந்து புட்டுச் சாப்பிடுறார்."

 பெடியன், "ஐயோ ஆன்ட்டி, அவர்கிட்ட நான் பேசலாமா?" என்றான். அந்தக் குரலில் இருந்த மரியாதையைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மச்சாள் வீட்டு வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டுக் கூப்பிட்டவன் பேச முடியாமல் சிரித்தான். "ஜாஸ் ஹிஸ்டரில இப்படி ஒரு எடிட்டிங்க நான் பார்த்ததே இல்ல ஆன்ட்டி!" ஆனால் கெட்டிக்காரன். வீடியோக்காரர் நிகழ்ச்சியின் கடைசியில் ஓடும் பெயர்களை வெட்டாமல் விட்டிருந்தார். ரோசாப்பூக்களுக்கு நடுவில் தயாரிப்பாளரின் பெயரை அவன் வாசித்துவிட்டான். அந்த மனிதர் காலமாகி, அவரிடமிருந்த நாடாக்களைக் குடும்பம் ஒரு பல்கலைக்கழகக் காப்பகத்துக்குக் கொடுத்திருந்தது. அங்கேயும் பியானோக் கிழவரின் பெயரில் தேடினால் ஒன்றும் வரவில்லை. நாடாவின் மேல் சாப்பாட்டுக் கடையின் பெயர் இருந்ததால், அதைச் சமையல் நிகழ்ச்சிகளோடு வைத்திருந்தார்கள். கடையின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னது நான்தான். அதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

பழுதாகாமல் கணினிக்கு மாற்றிவிட்டோம், வந்து பார்க்கலாம், கொப்பி மட்டும் தர முடியாது என்று அவர்கள் எழுதினார்கள். போகிற அன்று காலையில் இவர் கலியாண வீட்டுக்குப் போவதுபோல் சேர்ட்டை மினுக்கிப் போட்டார்.  மிசிசாகாத் தம்பி லீவு போட்டுவிட்டு எங்களுக்கு முன்னரே வந்து வாசலில் நின்றான்.

சின்ன அறை, ஒரு மேசை, ஒரு கணினி. காப்பகத்துப் பெண் ஹெட்போனைக் கொடுத்துவிட்டு, சத்தம் போடாமல் இருக்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். மெசினுக்கு மேல் ஹெட்போனை வைத்ததும் அது கீச்சிட்டது. இவர் மெசினைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். தம்பி சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டான்.

நான் படத்தைப் பார்க்கவில்லை. அதை எத்தனை தரம் பார்த்தாயிற்று. அவரின் முகத்தைத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மேசையில் அசையத் தொடங்கின. முதலில் மெல்ல, பிறகு நல்ல உற்சாகமாக. பிழைத்த இடம் வருகிறது என்று எனக்குத் தெரியும், படத்தில் அந்த இடத்தில் அவரின் புருவம் மேலே போகும். விரல்கள் நின்றன. பின்னுக்குத் தள்ளி மறுபடி போட்டார். மறுபடியும் நின்றன. ஹெட்போனைக் கழற்றித் தம்பியிடம் நீட்டினார். "தம்பி, நீர் ஒருக்காக் கேளும். நடுப்பகுதிக்குப் போகாதது ஆர்?"

தம்பி கண்ணை மூடிக் கேட்டான். கண்ணைத் திறந்தபோது அவனுக்கு முகமெல்லாம் வியப்பு. நன்றாகக் குனிந்து, இவரின் இடது காதுக்குச் சொன்னான்: "அங்கிள், நீங்க கரெக்டா போயிருக்கீங்க. பேஸ் வாசிக்கிறவரும் உங்க கூடத்தான் வர்றார். அவர்தான் நடுப்பகுதிய மறந்துட்டு திரும்ப ஆரம்பத்துக்கே வந்துட்டார். நீங்க ஓடிப்போய் அவரப் பிடிச்சிருக்கீங்க."

 இவர் என்னைப் பார்த்து, "நீரும் கேளும்" என்றார்.

அப்போதுதான் நான் என் புருசன் வாசித்ததை முதன்முதலாகக் கேட்டேன். ஜாஸைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அது அவரேதான். அவர் கதைக்கிற மாதிரியே இருந்தது. தணிந்த குரலில் தொடங்கி, அவசரப்படாமல், மற்றவர்களுக்கு இடம் விட்டு, நடுநடுவே ஒரு பகிடியும் விட்டு. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இந்தச் சத்தத்தையா கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தார்! குழம்பிய இடமும் வந்தது, போனது. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. கிழவர் அவரின் காதுப் பக்கம் சரிந்தார். பியானோவுக்கு மேலே இருந்த மைக் அதைப் பிடித்திருந்தது. மூச்சு வாங்க ஆங்கிலத்தில் சொல்கிறார்: அது என் பிழை, மகனே. நீ வந்து என்னைக் காப்பாற்றினாய். மற்றவர்கள் சிரித்தது கிழவரைப் பார்த்துத்தான்.

சத்தம் போடக்கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்து போயிற்று. அவரின் இடது காதில் வாயை வைத்து அப்படியே சொன்னேன். முதலில் விளங்காதவர்போல் பார்த்தார். ஹெட்போனை வாங்கி அந்த இடத்தைத் தானே போட்டுக் கேட்டார். பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தோள் இரண்டும் கீழே இறங்கியதை நான் கண்ணால் கண்டேன். சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

நான் கைத்தொலைபேசியை எடுத்தேன். முதலில் மச்சாள், பிறகு விட்பியில் இருக்கிற மகள், பிறகு அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொருவரும். தம்பியும் தன் குழுவுக்குத் தட்டச்சுச் செய்யத் தொடங்கிவிட்டான். இவர் என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம், விடும்."

"என்ன வேண்டாம்? இவ்வளவு காலமும் உங்களையெல்லோ பகிடி பண்ணினவை!"

"பகிடிதானே, பண்ணட்டும். அந்த மனுசன் பாவம். அண்டைக்கே ஏலாத வயசு. கொஞ்சக் காலத்திலை செத்தும் போட்டார். கடைசிக் காலத்திலை பாட்டை மறந்தவர் எண்டு ஏன் ஊரெல்லாம் சொல்லோணும்? எனக்குத் தெரிஞ்சிட்டுது, உமக்குத் தெரிஞ்சிட்டுது, அது போதும்." தம்பியையும் பார்த்தார். "நீரும் எழுதிப்போடாதையும் தம்பி. ஆரும் கேட்டால் கிளாரினெட்காரன் விட்ட பிழை எண்டு சொல்லும்."

தம்பி தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தான். நான் இந்த மனுசனோடு சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து போட்டு, விரலால் மேசையில் தட்டத் தொடங்கிவிட்டார்.