இந்த ஒரு நாளா, எல்லா நாளுமா

என்ன வேலை என்று கேட்பவர்களிடம், மெஷினுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறேன் என்பேன். கம்பெனி பெங்களூரில், நான் இருப்பது அதியமான்கோட்டையில். மருத்துவமனைகளுக்கு ஏஐ உதவியாளர் ஒன்று செய்து விற்கிறோம். நோயாளி வாட்ஸ்அப்பில் பேசினால் அது காலண்டரில் நேரம் போடும், மாற்றும், நீக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி, அதாவது சின்ன புரோகிராம், உண்டு. எந்தக் கருவி என்ன செய்யும் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. நாம் எழுதிவைக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் கருவியை எடுக்கும். அந்த விளக்கங்களை எழுதுவதுதான் என் பிழைப்பு.

'நீக்கு' என்ற கருவிக்கு நீளமாகவே எழுதியிருந்தேன். வாராவாரம் வரும் நேரங்கள் காலண்டரில் ஒரே சங்கிலியாகக் கிடக்கும், எந்த நாள் என்று குறிக்காமல் நீக்கினால் சங்கிலியே போய்விடும் என்று. "என்னங்க இது, கதை மாதிரி இருக்கு. ஒரு வரி போதுங்க" என்று டீம் லீடர் வெட்டிவிட்டார். 'காலண்டரில் உள்ள நேரத்தை நீக்கும்' என்பது மட்டும் மிஞ்சியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சம்பளம் கொடுப்பவரிடம் எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது?

என் அக்கா இண்டூரில் இருக்கிறாள். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், செவ்வாயும் வெள்ளியும் சேலத்தில் டயாலிசிஸ். அந்த மையத்திலும் எங்கள் உதவியாளர்தான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வருஷம் மாரியம்மன் பண்டிகை செவ்வாய்க்கிழமையில் வந்தது. அக்கா வீட்டு மாவிளக்கு போயே ஆகவேண்டும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, டயாலிசிஸுக்கு முந்தின நாளே போக முடிவு செய்தாள். வாட்ஸ்அப்பில் அவளே பேசினாள். "திங்கக்கெழம வந்துடறேங்க. செவ்வாய்க்கெழம பண்டிகைங்க, அத எடுத்துருங்க." எங்கள் பக்கம் தேதி சொல்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. பண்டிகைக்குக் காப்பு கட்டிவிட்டால், ஊருக்குச் செவ்வாய் என்றால் அந்த ஒரே ஒரு செவ்வாய்தான். "சரிங்க, எடுத்தாச்சுங்க" என்று வந்த பதிலை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"உன் மெஷினு நல்லா மரியாதயா பேசுதுடா" என்றாள்.

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அழைத்துப்போக நான் கார் எடுத்துக்கொண்டு போனபோதே அவள் முகம் சரியில்லை. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவள், பண்டிகை வெயிலில் மோரும் பானகமும் இஷ்டத்துக்குக் குடித்திருக்கிறாள். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்று, வண்டிகள் நகரவில்லை. "மூச்சு வாங்குதுடா" என்றாள். கண்ணாடியை இறக்கிவிட்டேன், டீசல் புகைதான் வந்தது. திரும்பவும் ஏற்றினேன். ஹாரன் அடித்துப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். இந்த மலைச்சரிவிலேயே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"நீங்கதான் செவ்வாய், வெள்ளி எல்லாத்தயும் கேன்சல் பண்ணிட்டீங்களேக்கா. உங்க பெட்ட வேற ஆளுக்குக் குடுத்தாச்சுங்க."

உதவியாளர் என்னென்ன செய்தது என்று காட்டும் கம்பெனிப் பதிவைப் போனில் திறந்தேன். கருவி: நீக்கு. நாள்: காலி. நான் எதற்குப் பயந்து அத்தனை வரி எழுதினேனோ அதுவேதான். அக்கா பெஞ்சில் சாய முடியாமல், முன்னால் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். இதே ஒரு வரி இன்னும் எந்தெந்த ஊரில் யார் யாருடைய நாட்களை எடுத்துப்போட்டிருக்குமோ என்று பயம் பெருகிக்கொண்டே போனது.

லீடரைக் கூப்பிட்டு, அந்த ஒரு வரி சங்கிலியையே அழித்துவிட்டது என்றேன். "திங்கக்கிழமை மீட்டிங்ல பேசிக்கலாங்க" என்றார்.

"எங்கக்கா இங்க மூச்சு வுட முடியாம உக்காந்திருக்குதுங்க. அது பேரு அழிஞ்சு போயிருக்குதுங்க" என்றேன்.

"எத்தனை வரி வேணும்னாலும் எழுதுங்க. இப்பவே போட்டுடலாம்" என்றார் அவர்.

ஒருவர் டயாலிசிஸ் முடித்து எழுந்ததும் வரவேற்பில் இருந்த பெண்ணே அவசரமாக அக்காவுக்கு இடம் வாங்கிக் கொடுத்தாள். குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியும் அக்கா என் மணிக்கட்டை விடவில்லை. மறுகையால் போனிலேயே எழுதினேன். 'இந்தக் கருவி நாள் குறிக்காவிட்டால் தொடர்ந்து வரும் எல்லா நேரங்களையும் அழித்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. நோயாளி கிழமை மட்டும் சொன்னால் அது ஒரே நாளாக இருக்கலாம். எந்த நாள் என்று அவரிடம் கேட்டு, அவர் பதில் சொன்ன பிறகே பயன்படுத்து.' எழுதிவிட்டு, யாராவது வெட்டிவிடுவார்களோ என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

மையத்தில் பேசியதில் அக்காவுக்குப் பழைய நாட்களே திரும்பக் கிடைத்தன. ஆனாலும், பிறகு ஒரு கல்யாணத்துக்காக ஒரு செவ்வாயை மாற்ற அவள் போனை எடுத்தபோது கையை நீட்டினேன். நான் பேசுகிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

"வருகிற செவ்வாய் ஒரு நாள் மட்டும் நீக்கவா, எல்லா நாளுமா?" என்று மெஷின் கேட்டது.

அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாகச் சொன்னாள்.

"இந்த ஒரு நாளு மட்டுந்தாங்க. மத்த நாளெல்லாம் எனக்கு வேணுங்க."