ஒழுகும் இடத்தில் ஒரு வாளி

நெதர்லாந்தில், எங்கள் தலைமை அலுவலகத்தின் நடைவழியில் ஒரு நீல வாளி இருக்கிறது. மழை பெய்தால் கூரை ஒழுகும், வாளி வாங்கிக்கொள்ளும். மழை பெய்யாத வாரமே இங்கு அபூர்வம் என்பதால் வாளிக்கு ஓய்வில்லை. அண்மையில் ஜப்பானிலிருந்து பெரிய வாடிக்கையாளர்கள் வந்தபோது, வாளியை எடுத்துவிடலாமே என்று வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சொன்னேன். எடுத்தால் தரை நனைந்துவிடுமே என்று என்னை விசித்திரமாகப் பார்த்தாள். வந்தவர்கள் வாளியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கூரை பழசாகிவிட்டது என்று எங்கள் இயக்குநர் ஹென்க் சிரித்தபடி அவர்களிடம் சொன்னார். எனக்குத்தான் உடம்பு கூசியது. கடலூராக இருந்தால் முதல் நாளே கூரைக்குத் தார் பூசி, வாளி இருந்த இடத்தில் குத்துவிளக்கு வைத்திருப்போம்.

நான் சிதம்பரத்துக்காரன். கீழ வீதியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, கடலூர் தொழிற்பேட்டையில் இந்தக் கம்பெனியின் கிளைக்கு வேலைக்குப் போனவன். பெயிண்டுக்கான வண்ணப்பொடி செய்கிறோம். சில வருடம் அந்தக் கிளையின் மேலாளராக இருந்துவிட்டு இங்கே வந்தேன். எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் செல்வம். திருப்பாதிரிப்புலியூர்க்காரன். சொந்தமில்லை, ஆனால் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த பழக்கத்தில் என்னை மாமா என்பான்.

அயல்நாட்டுக் கம்பெனியின் கிளையை நடத்துவது கூட்டுக் குடும்பத்தில் மூன்றாவது மருமகளாக இருப்பதைப் போன்றது. இருப்பது ஒரு பணப்பெட்டி. எங்களுக்கும் வேண்டும், போலந்துக் கிளைக்கும் வேண்டும். கடலூரில் பொடியை உலர்த்தும் டிரையர் உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அது பாதி நாள் ஓடாது. புது டிரையர் வந்தால் புதுப் பொருள் செய்யலாம், வருடக்கணக்காகக் காண்ட்ராக்டில் இருக்கும் ஆட்களை நிரந்தரமாக்கலாம். செல்வம் அவர்களுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தான். பணம் எந்தக் கிளைக்கு என்று முடிவு செய்ய ஹென்க் இரண்டு இடங்களுக்கும் நேரில் போவதாக ஏற்பாடு.

நான் செல்வத்தைப் போனில் பிடித்தேன். எதையும் மறைக்காதே, அரித்த தகட்டை அப்படியே காட்டு, இவர்கள் கண்ணால் கண்டதைத்தான் நம்புவார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"வூட்டுக்கு வர்றவருக்குக் கிழிஞ்ச பாயையா மாமா போடுவாங்க?" என்றான். "வேணுங்கறதத்தான் எழுதி அனுப்பிட்டோமே. மனசு நெறஞ்சிட்டா அவுரே குடுப்பாரு, பாருங்க."

அவன் சொன்னதில் பிழை இல்லை. நம்மூரில் காரியம் அப்படித்தான் நடக்கிறது. டிரையருக்கு வெள்ளி நிற பெயிண்ட் அடித்தார்கள். வாசலில் கோலம், மாலை, பொன்னாடை. தேவனாம்பட்டினத்திலிருந்து அன்று பிடித்த வஞ்சிரம் வந்தது. மறுநாள் சிதம்பரத்தில் நடராஜர் தரிசனம். அந்தப் போட்டோவில் ஹென்க், கழுத்து நிறைய மாலையோடு குழந்தையைப்போல் சிரிக்கிறார்.

அங்கிருந்து போலந்து போனார். அந்தக் கிளையின் மேலாளர் காபிகூடக் கொடுக்காமல் நேராக ஆலைக் கூரை ஒழுகும் இடத்துக்கு அழைத்துப்போய், ஷூ நனைய நிறுத்திவைத்தாராம்.

திரும்பி வந்த ஹென்க் என்னைக் கூப்பிட்டு, உங்கள் ஊர் ஆலை அருமை, அதற்கு எதுவும் தேவைப்படாது என்றார். நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் அப்படி வைத்திருந்தார்கள், உள்ளே டிரையர் அரித்துப்போயிருக்கிறது என்றேன். அவர் முகம் மாறியது.

"அப்படியென்றால் செல்வம் என்னிடம் பொய் சொன்னாரா?"

ஆமாம் என்றால் செல்வத்தின் வேலை போகும். இல்லை என்றால் டிரையர் போகும். பொய் இல்லை, மரியாதை என்றேன். மரியாதைக்கும் பெயிண்டுக்கும் என்ன தொடர்பு என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். என் ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்லியும் அது பொய்யாகவே போய் முடிந்தது. கடைசியில், செல்வம் பொய் சொல்கிறவர் இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பணம் போலந்துக்குப் போனது.

வெளியூரில் பிழைக்கும் உங்களில் பலருக்கும் இந்த இடம் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் நல்லவர்கள்தான், நடுவில் நிற்கிறவனுக்குத்தான் வாய் அடைத்துப்போகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தொழிற்பேட்டை வாசலில் இறங்கி டீ குடித்தேன். மழை மாதத்தில் டிரையர் அடியோடு நின்றுபோனதையும், காண்ட்ராக்ட் ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் டீக்கடைக்காரர்தான் சொன்னார். அங்கிருந்து செல்வம் வீட்டுக்குப் போனேன். முன்பெல்லாம் நான் போனால் லுங்கியோடு வந்து, டிரையரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்காருவான். அன்று இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். நாற்காலியில் புதுத் துண்டு விரித்திருந்தது. அவன் மனைவி, பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கோப்பைகளில் காபி கொண்டுவந்தார்.

ஆலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லாப் போவுது மாமா. ஒரு கொறையும் இல்ல."

அவனுக்குப் பின்னால் சுவரில், யாரும் மாட்டாத உயரத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. அதன் கீழ்விளிம்பைத் தாண்டி ஈரம் இறங்கியிருந்தது. நான் அதைப் பார்த்ததைச் செல்வம் பார்த்தான். பார்வையைக் கோப்பைக்குத் திருப்பி, காபி ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன்.