பூஜைக்குப் போன பெட்டி

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது அந்தப் பல்கலைக்கழக வளாகம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பு கனகலட்சுமி. பொறுப்பு என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. பிரிண்டரில் தாள் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் சுற்றாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ரெண்டுக்கும் கரண்டு ஒன்றுதானே என்பது அவர்கள் கட்சி.

சொந்த ஊர் பனவடலிசத்திரம். படித்து முடித்த கையோடு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். அங்கே வருகிறவர்கள் பாஸ்வேர்டை ரோட்டுக்கே கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வார்கள். "நீயே அடிச்சிரு மக்கா, நமக்குள்ள என்ன" என்பார்கள். கேட்காமலே ஏடிஎம் நம்பரையும் சேர்த்துச் சொன்ன மகராசர்கள் உண்டு. ஜனங்கள் இப்படிக் கதவைத் திறந்து போட்டுவிட்டு நிம்மதியாகப் போனால், யாராவது ஒருத்தர் வாசலில் நிற்கத்தானே வேண்டும் என்று அவளுக்கு அங்கேதான் தோன்றியது. தோன்றியது அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது.

அதனால் வளாகத்தில் சேர்ந்ததும் ஃபயர்வால் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டாள். முதல்வர் சங்கரபாண்டியன் அவளைத் தூரத்தில் கண்டாலே வேறு பக்கம் திரும்பி நடக்கிற அளவுக்கு விடாமல் கேட்டாள். கடைசியில் வந்தது. சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும். வெளியிலிருந்து வருகிற இன்டர்நெட் ஒயர் முதலில் அதற்குள் போய், அங்கே சோதனை முடிந்த பிறகுதான் வளாகத்துக்குள் நுழையும். அது தவிர இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் மாணவர்களின் மார்க்கையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, ஒயரைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். "இதென்ன கனகா, வெள்ளிக்கிழமை விரதமா?" என்று வணிகவியல் பேராசிரியை ரசீதா கேலி செய்வார். இவளும் சிரித்துக்கொண்டே பூட்டுவாள்.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குப் பார்த்துக் கரிவலம்வந்தநல்லூரில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. லீவு போட்டுவிட்டாள்.

அலுவலக உதவியாளர் செல்லப்பாவை அழைத்த முதல்வர், "வே செல்லப்பா, ஒரு சாமான் விடக் கூடாது. எல்லாம் சாமி முன்னால வந்திரணும்" என்றார்.

செல்லப்பா தினக்கூலிக்காரர். வளாகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது வேனிலிருந்து அதை இறக்கியவர். சொன்னதைச் செய்வார், சொல்லாததையும் சேர்த்துச் செய்வார். கம்ப்யூட்டர் அறையைத் திறந்து, கம்ப்யூட்டர்களுக்கு இருந்த இடத்திலேயே பொட்டு வைத்தார். மூலையில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு ராப்பகலாக உழைக்கிற அந்தச் சின்னப் பெட்டி அவர் கண்ணில் பட்டது. இதற்குக் கொடுக்காத ஓய்வை வேறு எதற்குக் கொடுப்பது? பக்குவமாகக் கழற்றினார். தூசி துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் கத்தரிக்கோலுக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவில் உட்கார வைத்தார்.

அந்த நேரம் முதல்வர் அறையில் இன்டர்நெட்டில் ஓடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு நின்றுபோனது. "பாட்டு என்னாச்சு வே?" என்று சத்தம் வந்தது. செல்லப்பா ஓடிப்போய், அநாதையாகத் தொங்கிய ஒயரை எடுத்து, பக்கத்தில் உள்ளே போகிற ஒயர்களெல்லாம் சேரும் இடத்தில் நேராகச் சொருகிவிட்டார். பாட்டு வந்துவிட்டது. பின்னாலேயே சுண்டலும் வந்துவிட்டது. பூஜையில் வைத்ததை விஜயதசமி முடியாமல் எடுக்கலாமா? எல்லோரும் கம்ப்யூட்டர்களை அணைக்காமலே பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். காவல் இல்லாத வாசல் திறந்தே கிடந்தது.

லீவு முடிந்து கனகலட்சுமி வந்து அறையைத் திறந்தால், எல்லாத் திரையிலும் சிவப்பு எழுத்து. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் திறப்போம் என்று எவனோ ஒருவன் எங்கிருந்தோ எழுதியிருந்தான். கடைசி வருஷப் பிள்ளைகளின் உள்மதிப்பீட்டு மார்க்கும் அதற்குள்தான் கிடந்தது. பூஜைப் படத்துக்கு முன்னால் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"ஒருத்தனுக்கும் பைசா அனுப்பக் கூடாது சார்" என்று முதல்வரிடம் சொல்லிவிட்டு, எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டாள். ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் துடைத்தெடுத்தாள். பீரோவைத் திறந்து ஹார்ட் டிஸ்கை எடுத்தாள். முந்தின வெள்ளிக்கிழமை வரைக்கும் உள்ள மார்க் முழுசாக இருந்தது. அதற்குப் பிறகு ஏற்றியதை ஆசிரியர்கள் விடைத்தாளைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருந்த ரசீதா, "உன் விரதம்தான் புள்ளைகளைக் காப்பாத்திருக்கு. இனி நான் கேலி பண்ண மாட்டேன்" என்றார்.

மார்க் பிழைத்தது. ஆனால் ஒரு மனுஷனின் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. பல்கலைக்கழகத் தலைமையிடத்திலிருந்து விசாரணைக் குழு வரப்போகிறது என்று தகவல் வந்ததும் முதல்வர் கனகலட்சுமியை அழைத்தார்.

"ஒரே வரி எழுதிக் குடும்மா. உதவியாளர் அனுமதி இல்லாம சாதனத்தைக் கழற்றினார்னு. தினக்கூலிதானே, நிறுத்திட்டா முடிஞ்சிரும்."

"எல்லாத்தையும் எடுக்கச் சொன்னது நீங்கதான சார்?"

"எல்லாத்தையும்னு சொன்னேன். அதைன்னு சொன்னனா?" என்ற முதல்வர், மேஜையில் இருந்த தாள்களை அடுக்கியபடி, "உன் ரினியூவலும் இந்த மாசம்தான் வருது, பாத்துக்க" என்றார்.

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அது அவருக்கும் தெரியும். நல்ல மனுஷர்கள்கூடப் பயந்துவிட்டால் இப்படித்தான் பேசுகிறார்கள். கனகலட்சுமி விருட்டென்று வெளியே வந்தாள்.

வேப்ப மரத்தடியில் செல்லப்பா நின்றிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "நான் போயிருதேன் யம்மா. எனக்காண்டி நீ எதுக்குச் சங்கடப்படணும்? ஆனா அது என்ன பெட்டின்னு மட்டும் சொல்லிரு. அப்படி என்ன பாவத்தப் பண்ணிட்டேன்னு தெரிஞ்சிட்டுப் போறேன்."

"அண்ணாச்சி, கோயில்ல ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போவீங்கல்லா? ஊரே அம்பாளைப் பாத்துக்கிட்டு நிக்கும். போலீஸ்காரரு மட்டும் எந்தப் பக்கம் பாத்து நிப்பாரு?"

"சாமிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பாத்து."

"அந்தப் பெட்டி அவருதான்."

செல்லப்பா வாயைப் பிளந்தார். "அப்போ நான் போலீஸ்காரரைக் கூட்டிட்டுப் போயி சாமி முன்னால உக்கார வச்சிட்டனா?"

"சந்தனம் வேற பூசிட்டீங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே செல்லப்பாவுக்குக் கண் கலங்கியது. கனகலட்சுமிக்குச் சுருக்கென்றது. இவ்வளவுதான் விஷயம். வேப்ப மரத்தடியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம். இத்தனை காலமும் பெட்டியைக் காத்தாளே தவிர, அது எதற்கு என்று பக்கத்தில் இருக்கிற மனுஷனுக்கு அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. என்ன எழுதுவது என்பது அப்போதே முடிவாகிவிட்டது. ரினியூவல் வந்தால் வரட்டும், வராவிட்டால் பஸ் ஸ்டாண்ட் பிரவுசிங் சென்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

குழு வந்தது. முதல்வர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கனகலட்சுமி எழுந்து நின்று நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"எல்லாத்தையும் பூஜைக்கு எடுக்கச் சொன்னாங்க, அவரு எடுத்தாரு. சொன்னவருக்கும் அந்தப் பெட்டியோட வேலை தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. தெரிஞ்சவ நான் ஒருத்திதான், நான் யாருக்கும் சொல்லல. பேர் எழுதணும்னா என் பேரை எழுதுங்க சார். அவரை நிறுத்தினீங்கன்னா, அடுத்து வர்றவருக்கும் தெரியாமத்தான் இருக்கும்."

முதல்வர் தலையைக் குனிந்துகொண்டார். குழு அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தது. ரினியூவலை அரை வருஷமாகக் குறைத்து, பிறகு பார்க்கலாம் என்றது. செல்லப்பாவின் வேலையை யாரும் தொடவில்லை. மெமோவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்ட கனகலட்சுமி, அடுத்த வாரமே வளாகத்தில் கூட்டுகிறவர்கள் முதல் பேராசிரியர்கள் வரைக்கும் எல்லோரையும் அந்த அறைக்குள் அழைத்துவந்து, எந்தப் பெட்டிக்கு என்ன வேலை என்று சொல்ல ஆரம்பித்தாள். அரை வருஷம் முடிந்தபோது ரினியூவலும் எப்படியோ வந்து சேர்ந்தது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது முதல்வர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. கனகலட்சுமி லீவு போடவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குள் வேலையாக இருந்தபோது, வாசலில் பேச்சுக் குரல் கேட்டது.

"எல்லாம் வந்தாச்சா வே?" என்று கேட்டது முதல்வர்.

"எல்லாம் வந்தாச்சு சார். இந்தப் பெட்டி மட்டும் வராது."

"சும்மா ஒரு அஞ்சு நிமிஷம் வச்சு எடுத்திருவோமே."

"தபசு அன்னைக்குப் போலீஸ்காரருக்கு லீவு உண்டா சார்?"

கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள். செல்லப்பா கதவுக்குக் குறுக்கே நின்றிருந்தார். கையில் சந்தனக் கிண்ணம். சரஸ்வதி படம் இருக்கிற ஹாலுக்கு முதுகைக் காட்டி, வருகிறவர்களைப் பார்த்தபடி நின்றிருந்தார்.